காந்தம் ஒட்டிய தகடு

எவர்சில்வர் என்று பெயர் வைத்த புண்ணியவானை எங்காவது பார்த்தால் நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன். என்றைக்கும் வெள்ளி என்று பெயரிலேயே சத்தியம் செய்து வைத்திருக்கிறார். சமையலறையில் அந்தச் சத்தியம் பலிக்கும். சாம்பாரும் ரசமும் அதை ஒன்றும் செய்துவிடாது. ரசாயன ஆலையில் பலிக்காது. அந்தப் பெயரையும் ஒரு சிறு காந்தத்தையும் நம்பி, நல்ல வெல்டர் ஒருவரை வேலையை விட்டு நிறுத்தி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்பியவர் என் சொந்த அண்ணன். இதை எழுத உட்கார்ந்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

என் தொழிலைச் சுருக்கமாகச் சொன்னால் பொருத்தம் பார்ப்பது. எந்த ரசாயனத்தை எந்த உலோகத்தில் வைக்கலாம், எதில் வைத்தால் அரித்துத் தின்றுவிடும் என்று பார்த்துச் சொல்வேன். இதில் விலையை வைத்து ஒன்றையும் முடிவு செய்ய முடியாது. அடர்த்தியான கந்தக அமிலம் சாதாரண இரும்புத் தொட்டியிலேயே சாதுவாக இருக்கும். அதில் தண்ணீர் கலந்துவிட்டால் அதே இரும்பை விழுங்கிவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு எவர்சில்வர் ஆகவே ஆகாது, உள்ளே ரப்பர் ஒட்டிய தொட்டியோ பிளாஸ்டிக்கோதான் வேண்டும். டைட்டானியம் என்றால் எல்லாரும் வாயைப் பிளப்பார்கள். ஈரமே இல்லாத குளோரின் வாயுவில் அது தீப்பிடித்து எரியும். ஜாதகம் பார்க்கிறவர்களாவது பத்துப் பொருத்தத்தில் ஏழு இருந்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். எங்களுக்கு ஒன்று தப்பினாலும் கலன் ஓட்டையாகிவிடும்.

துவாஸ் தொழிற்பேட்டையில் அப்பா ஒரு சிறிய பட்டறை வைத்திருந்தார். சோயா சாறு, பால், பழரசம் என்று சாப்பிடுகிற பொருள்களுக்கான எவர்சில்வர் தொட்டிகள்தான் அங்கே செய்தார்கள். அப்பா போன பிறகு பட்டறை தள்ளாடியது. அப்போது அண்ணனுக்குத் தோள் கொடுத்தவர் அண்ணியின் அப்பா. நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். தேக்காக் கடைத்தெருவில் அவருக்குப் பாத்திரக்கடை இருக்கிறது. கடைக்கு முன்னால் குடங்களையும் இட்லிச் சட்டிகளையும் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே நின்று பேசக்கூட இடம் இருக்காது.

மாமாவிடம் ஒரு வழக்கம் உண்டு. சாவிக்கொத்தோடு சேர்த்துச் சின்னக் கயிற்றில் ஒரு வட்டக் காந்தம் கட்டி வைத்திருப்பார். பாத்திரம் வாங்க வருகிறவர்கள் கொஞ்சம் தயங்கினால் போதும், காந்தத்தை எடுத்துக் குடத்தின் வயிற்றில் வைத்துவிட்டுக் கையை எடுப்பார். இன்னொரு உள்ளங்கையைக் கீழே விரித்து வைத்திருப்பார். காந்தம் ஒட்டாமல் அந்தக் கையில் விழும். "பாத்தீங்களா, ஒட்டல. அசல் எவர்சில்வர்" என்பார். அதற்கு மேல் யாரும் பேரம் பேசமாட்டார்கள். காந்தம் ஒட்டாத மட்டமான ரகமும் உண்டு, நிக்கலைக் குறைத்து மாங்கனீசைப் போட்டு உருக்கியிருப்பார்கள், ஆறு மாதத்தில் புள்ளி விழும் என்று ஒருமுறை மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். நீ படிச்ச பொண்ணும்மா, கடை வேற என்று சிரித்துவிட்டார். அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன்.

பட்டறையில் அப்பாவும் காந்தம் வைத்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரும்புத் தகடும் எவர்சில்வர் தகடும் ஒரே கொட்டகையில் கிடந்ததால், கலந்துவிட்டதா என்று பார்க்க அது உதவியது. சோயா சாற்றுத் தொட்டிக்கு அந்தப் பரிசோதனை போதும். ஆகவே அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே மனதில் ஊறிப்போன பாடம் ஒன்றுதான்: ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் உயர்வு.

நான் அப்போது ஒரு பெரிய கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தேன். அண்ணன் ஈசூனில் என் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுத் தொட்டி வேலையில் போட்டி அதிகமாகிவிட்டது, ரசாயன ஆலை வேலை எடுக்க வேண்டும், நீ வந்தால்தான் முடியும் என்று கேட்டார். கெஞ்சினார் என்றே சொல்லலாம். "மெட்டீரியல் எல்லாம் நீதான். நீ சொன்னா சொன்னதுதான்" என்றார். அப்பாவின் பட்டறை என்ற பாசத்தில் இருந்த வேலையை விட்டுவிட்டுப் போனேன். அந்த வாக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் என்னுடைய கைமுதலே அதுதான்.

முதலில் கிடைத்த பெரிய வேலை ஒரு சுண்டவைக்கும் கலன். பக்கத்து ஆலை ஒன்றில் உப்பு மிகுந்த கழிவுநீர் வரும். அதைக் காய்ச்சிச் சுண்ட வைத்து உப்பைப் பிரித்தெடுக்க வேண்டும். ஆலையின் எஞ்சினியர், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும், கசியக் கூடாது, எந்த ரகம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள், பொறுப்பும் உங்களுடையது என்று சொல்லிவிட்டார்.

கொதிக்கிற உப்புநீர் என்று கேட்டதுமே வழக்கமான எவர்சில்வரை நான் ஒதுக்கிவிட்டேன். எவர்சில்வரைக் காப்பாற்றுவது அதன் மேல் தானாகப் படர்கிற ஒரு மெல்லிய தோல். கண்ணுக்குத் தெரியாது. உப்பில் இருக்கும் குளோரைடு அந்தத் தோலை ஒரு புள்ளியில் துளைக்கும். சூடும் சேர்ந்து, வளைத்த தகட்டுக்குள் அடங்கியிருக்கிற இழுவிசையும் சேர்ந்தால், அந்தப் புள்ளியிலிருந்து விரிசல் கிளம்பி வேர் மாதிரி கிளை பிரிந்து ஓடும். வெளியே துரு இருக்காது, பளபளப்புக் குறையாது. ஒரு நாள் காலையில் பார்த்தால் ஒழுகும். நல்ல ரகம் என்று எல்லாரும் சொல்லும் 316க்கும் இதே கதிதான்.

அதனால் டூப்ளெக்ஸ் என்ற ரகத்தைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு வகை அமைப்பும் பாதிக்குப் பாதி கலந்த எஃகு அது. ஒரு பாதி நம் வீட்டு எவர்சில்வர் போல, காந்தத்தைச் சட்டை செய்யாது. மறுபாதி இரும்பைப் போலக் காந்தத்தை இழுக்கும். அந்த மறுபாதிதான் விரிசலை ஓடவிடாமல் மறிக்கிறது. அதாவது, காந்தம் ஒட்டுவதற்குக் காரணம் எதுவோ அதுவேதான் அதை உப்புநீருக்குப் பொருத்தமாக்குகிறது. இதைவிட எளிமையாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அண்ணனிடம் இதே வார்த்தைகளில் சொன்னேன். தலையாட்டினார். காதில் வாங்கிக்கொண்டார் என்று நம்பினேன்.

டூப்ளெக்ஸை வெல்டிங் செய்வது கொஞ்சம் பக்குவமான வேலை. சூடு கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும். பட்டறையில் இருந்த வெல்டர்களில் நிதானமான கை ஒருவருக்குத்தான். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், வேலை அனுமதியில் இந்த நாட்டுக்கு வந்தவர், முப்பதைத் தாண்டியவர், ஊரில் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும். கிராஞ்சியில் தொழிலாளர் விடுதியில் தங்கி, லாரியில் வந்துபோவார். வெட்டி எறிந்த துண்டுகளில் அவரைப் பழகவிட்டேன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். சோதனைக்கு அனுப்பிய துண்டு தேறி வந்த அன்று, எல்லாருக்கும் அவர் காசில் தே தாரே என்கிற ஆற்றிய டீ வாங்கிக் கொடுத்தார். புது ரகத்தில் கை பழகிவிட்டது, இனி எந்தப் பட்டறைக்குப் போனாலும் மதிப்பார்கள் என்று சந்தோஷப்பட்டார்.

தகடுகள் வந்து இறங்கின. புது வேலைக்கு முதல் தகடு வந்தால் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டித் தேங்காய் உடைப்பது அப்பா காலத்து வழக்கம். பெரிய வேலை என்பதால் அண்ணன் மாமாவையும் அழைத்திருந்தார். அண்ணியும் வந்திருந்தார். பட்டறை ஆட்கள் எல்லாரும் கை கழுவி, காலணி கழற்றி நின்றார்கள். மாமா தேக்காவிலிருந்து பெரிய மல்லிகை மாலையும் பழமும் வாங்கி வந்திருந்தார். பூசை நன்றாகவே நடந்தது. கற்பூரத்தைத் தொட்டு எல்லாரும் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகு, மாமா தகட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு பழக்க தோஷத்தில் சாவிக்கொத்தை எடுத்தார்.

காந்தத்தைக் குங்குமப் பொட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்தார். இன்னொரு கையைக் கீழே விரித்துக்கொண்டு காத்திருந்தார். காந்தம் விழவில்லை. சாவிக்கொத்து முழுவதும் தகட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. மாமா விரித்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"மாப்பிள்ள, இது இரும்பு" என்றார்.

நான் விளக்கினேன். பதறாமல், மரியாதையாகவே விளக்கினேன். இந்த ரகம் ஒட்டத்தான் செய்யும், ஒட்டாவிட்டால்தான் நாம் சந்தேகப்பட வேண்டும் என்றேன். அது மாமாவின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது. காலமெல்லாம் ஒட்டாததைக் காட்டிச் சரக்கு விற்றவரிடம், ஒட்டுவதுதான் நல்லது என்கிறேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பரிதாபப்பட்டார். "உன்னைய நல்லா ஏமாத்திட்டாங்கம்மா" என்று என் தோளைத் தட்டினார்.

மறுநாள், உலோகத்தில் என்னென்ன எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் கைக்கருவி வைத்திருப்பவரை வரவழைத்தேன். குரோமியம் சரி, மாலிப்டினம் சரி, எல்லாம் டூப்ளெக்ஸுக்கு உரிய அளவில்தான் இருந்தன. அண்ணனைக் கூப்பிட்டு அதன் திரையைக் காட்டினேன். பார்த்தார். அப்படியே உள்ளே போய்விட்டார்.

அந்த வார இறுதியில் பிடோக்கில் அண்ணன் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது சொன்னார், தகடுகளை ஓரமாக வைத்துவிட்டு 316இல் செய்யப் போகிறேன் என்று. ஆலைக்காரர்களிடம் பேசிவிட்டாராம். ஸ்டெயின்லெஸ்தானே, சரி என்றார்களாம். அவர்கள் கேட்டதும் அவ்வளவுதானே. நான் எவ்வளவோ சொன்னேன். விரிசல் விடும் என்றேன், ஒழுகும் என்றேன், யார் மேலாவது சுடுநீர் கொட்டினால் என்ன செய்வாய் என்றேன். குரலை உயர்த்தினேன். அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"ஊர்ல எல்லாரும் திரீ ஒன் சிக்ஸ்லதான் செய்றாங்க" என்றார் அண்ணன். "மாமா முகத்த எனக்குப் பாக்க முடியல. அத்தன பேர் முன்னாடி ஒட்டிக்கிச்சு. நீ கொஞ்சம் விட்டுக்கொடுலா."

நான் சொன்னால் சொன்னதுதான் என்ற வாக்கின் ஆயுள் அவ்வளவுதான். காந்தம் ஒட்டியது தகட்டின் குற்றமாகவும், அது ஒட்டியதை எல்லாரும் பார்த்தது என் குற்றமாகவும் ஆகிவிட்டது. வெல்டர் என்னிடம் வந்து, ஏன் தகட்டை மாற்றுகிறார்கள், நான் பழகிய துண்டில் ஏதாவது குறையா என்று கேட்டார். உங்கள் கையில் குறை இல்லை என்று சொன்னேன். கலன் 316இல் அவர் கையாலேயே உருவாகி, பளபளவென்று மெருகேறி, லாரியில் ஏறிப் போனது. அது போன அதே வாரம் நானும் பட்டறையை விட்டு வெளியேறினேன். அண்ணன் தடுக்கவில்லை. இன்னொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. பழைய வேலையைவிடச் சின்ன நாற்காலி.

ஒன்றரை ஆண்டுக்குள் கலன் ஒழுகியது. யாருக்கும் காயமில்லை. அது அவர்கள் செய்த புண்ணியம். அண்ணன் என்னைப் போனில் கூப்பிட்டு, ஒருமுறை வந்து பார் என்றார். வரமாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். போனேன்.

மேலே போர்த்தியிருந்த வெப்பக்காப்பு உறையை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். நீர்மட்டம் ஏறி இறங்கும் இடத்தில், தகடு வளைகிற வளைவில், வெள்ளை உப்பு கோடுகோடாகப் பூத்திருந்தது. துடைத்துவிட்டு, விரிசலைக் காட்டும் சிவப்புச் சாயத்தைத் தடவினால் முடி போன்ற கோடுகள், ஒவ்வொன்றும் இரண்டாக நாலாகப் பிரிந்து ஓடியிருந்தன. வெல்டிங் கோடு அங்கிருந்து நன்றாகத் தள்ளி இருந்தது. நான் சாப்பாட்டு மேசையில் கத்தியது எல்லாம் அங்கே அப்படியே இருந்தது. எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

அண்ணனோடு மாமாவும் வந்திருந்தார். சாவிக்கொத்தை எடுத்தார். தகட்டில் வைத்துக் கையை எடுத்தார். காந்தம் உடனே கீழே இருந்த உள்ளங்கையில் விழுந்தது. "பொருள் சுத்தம்" என்றார். பிறகு, எதற்கென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை, காந்தத்தைக் கயிற்றில் பிடித்து வெல்டிங் கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். காந்தம் மெல்ல அதன் பக்கம் சாய்ந்தது. இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனதும் போய் ஒட்டிக்கொண்டது. இழுத்தால் வந்துவிடும், ஆனாலும் ஒட்டியது.

"இங்க பாருங்க மாப்பிள்ள. தகடு ஒட்டல. ஒட்டுப்போட்ட இடம் ஒட்டுது. அவன் என்னமோ கலந்துட்டான்."

அவன் என்றது புதுக்கோட்டை வெல்டரை. ஆலையின் எஞ்சினியரும் அங்கேதான் இருந்தார். தமிழ் புரியாவிட்டாலும் காந்தம் புரிந்தது. குனிந்து, ஒட்டிய இடத்தையும் ஒட்டாத இடத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

வெல்டிங் கம்பியில் காந்தத்தை இழுக்கிற அமைப்பை வேண்டுமென்றே கொஞ்சம் சேர்க்கிறார்கள். உருகிய உலோகம் ஆறும்போது வெடிப்பு விடாமல் இருக்க அது வேண்டும். அது இல்லாத வெல்டிங்தான் மோசமான வெல்டிங். அதாவது அந்தக் காந்தம் ஒட்டியதே அவர் ஒழுங்காக வேலை செய்ததற்குச் சாட்சி. நான் இதை அங்கேயே தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னேன். எஞ்சினியர் தலையாட்டினார். எல்லாரும் என்னிடம் தலையாட்டத்தான் செய்கிறார்கள். விரிசல் வெல்டிங்கில் இல்லையே, தகட்டில் அல்லவா இருக்கிறது என்றேன். அங்கிருந்து பரவியிருக்கும் என்றார் மாமா. பரவுவதற்கு அது என்ன படை நோயா?

நான் அதோடு விடவில்லை. விரிசல் விட்ட இடத்தில் ஒரு துண்டு வெட்டி வாங்கி, தெரிந்த ஆய்வகத்தில் கொடுத்து, மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னேன். எதிர்பார்த்ததுதான். விரிசல் குளோரைடு பட்ட புள்ளியில் தொடங்கி, தகட்டுக்குள்ளேயே கிளை பிரிந்து ஓடியிருந்தது. வெல்டிங்குக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. படத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். அதற்குள் வெல்டரின் வேலை அனுமதியை ரத்து செய்ய எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர் கொட்டகை ஓரத்தில் கையுறைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, வாங்கக்கா என்றார்.

அண்ணனின் மேசையில் படத்தை வைத்தேன். அவர் அதைக் கையில்கூட எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியும்லா" என்றார்.

எப்போது தெரியும் என்று கேட்டேன். ஒழுகிய இடத்தைப் பார்த்ததும் தெரியும், நீ அன்றைக்குச் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது என்றார். பிறகு ஏன் அவரை அனுப்புகிறாய் என்றேன்.

"வெல்டிங்னு சொன்னா ஆள மாத்திட்டேன்னு முடிச்சிடலாம். மெட்டீரியல்னு சொன்னா, யாரு தேர்ந்தெடுத்ததுன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது? என் மாமனார் சாவிக்கொத்துன்னா?"

நீயெல்லாம் அப்பாவின் பிள்ளையா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார். நான் வெளியே வந்து ஆலையின் எஞ்சினியரைப் போனில் பிடித்து, படத்தைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். புதுக் கலன் டூப்ளெக்ஸில் செய்து தர உங்கள் அண்ணன் ஒத்துக்கொண்டுவிட்டார், எங்களைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது என்றார். பட்டறைகள் வைத்திருக்கும் தெரிந்தவர்கள் இருவரிடம் வெல்டருக்காகப் பேசினேன். ஏன் நிறுத்தினார்கள் என்று இருவருமே கேட்டார்கள். நான் சொன்ன காரணத்தைவிட, என் அண்ணன் சொன்ன காரணம் அவர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. புகார் கொடுப்போம், நான் கூட வருகிறேன் என்று வெல்டரிடம் சொன்னேன். வேண்டாங்கக்கா, பிறகு எங்கேயும் எடுக்கமாட்டார்கள் என்றார். அவர் போய்விட்டார்.

புதுக் கலனுக்கு நான் தேர்ந்தெடுத்த அதே தகடுகளைத்தான் எடுத்தார்கள். கடல்காற்றிலும் மழையிலும் கொட்டகைக்கு வெளியே கிடந்த தகடுகள். தண்ணீர் ஊற்றிக் கழுவியதும் புதிதாகிவிட்டனவாம். பூசைக்கு எனக்கும் அழைப்பு வந்தது. நான் போகவில்லை. அண்ணி போனில் சொல்லித்தான் தெரியும். மாமா காந்தத்தை வைத்தாராம், ஒட்டியதாம், எல்லாரும் கைதட்டினார்களாம். இப்போதெல்லாம் கடைக்கு வருகிறவர்களிடம்கூட, ஆலைக்குப் போகிற பெரிய சரக்கு காந்தத்தில் ஒட்டும், அது தனி ரகம் என்று மாமா வகுப்பு எடுக்கிறாராம். அண்ணி அதைப் பெருமையாகத்தான் சொன்னார். அண்ணனுக்கும் வாடிக்கையாளர்கள் கூடியிருக்கிறார்கள். உப்புநீருக்கு டூப்ளெக்ஸ்தான் என்று அடித்துச் சொல்கிற ஆள் என்று பெயர்.

அண்ணன் வீட்டுக்கு நான் போவதை நிறுத்திவிட்டேன். தீபாவளிக்கு அண்ணி முறுக்கு கொடுத்தனுப்புவார், எவர்சில்வர் டப்பாவில். முறுக்கை அண்டை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, டப்பாவைக் கழுவித் திருப்பி அனுப்பிவிடுவேன்.

சில மாதங்களுக்கு முன்னால் வெல்டர் ஊரிலிருந்து கூப்பிட்டார். உள்ளூரில் இரும்புக் கேட்டும் கிரில்லும் செய்கிற பட்டறையில் இருக்கிறாராம். பின்னால் இரும்பைத் தேய்க்கிற இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. பெண்களின் படிப்பு, மழை, என் உடம்பு என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க. அது என் வெல்டிங்தானா?"

இல்லை என்றேன். தகட்டைப் பற்றி, உப்பைப் பற்றி, விரிசல் ஓடிய இடத்தைப் பற்றி எல்லாம் சொன்னேன். காந்தம் ஏன் ஒட்டியது என்றும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"இத மொதலாளிகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. "தெரியும்னு சொன்னாரு" என்றேன். அண்ணன் பேச்சின் வாலில் ஒட்டியிருந்த அந்த 'லா'வை மட்டும் விட்டுவிட்டேன்.

இனி இவர் கத்தப் போகிறார், கத்தட்டும், என் அண்ணனை என்ன திட்டினாலும் கேட்டுக்கொள்வது என்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"தெரியுமா அவருக்கு? அப்பச் சரிங்கக்கா" என்றார். "நான் வேலையக் கெடுத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருப்பாரேன்னுதான் மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு. இனிமே நிம்மதியாத் தூங்குவேன்."

நிம்மதிக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். தெரிந்துகொண்டே அனுப்பினார், அது உங்களுக்கு உறைக்கவில்லையா என்று கேட்க நினைத்தேன். அவர் அதற்குள் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மொதலாளியை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்றார். சரி என்றேன். இன்னும் சொல்லவில்லை.